வெளிமூச்சு

லாங் பஜாரில் நயீமுல்லா பாய்
இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.
ஒன்று ஐயாயிரத்துக்கு நூறு குறைவு.
மற்றது பதிமூன்று.
அதன் தலையில் சின்னதாய் ஒரு விசிறி,
விசிறியிலிருந்து முழங்கை மடக்கிய எஃகுக் குழாய்.
"ரெண்டுலயும் வர்றது ஒரே வெந்நீர்தான் சார்,
பொய் சொல்ல மாட்டேன்."

எமீமாள் என் கையைக் கிள்ளினாள்.
"குளிக்கிறவளுக்கே ஃபேன் இல்ல,
கீசருக்கு இன்னாத்துக்கு ஃபேன்?"

எட்டாயிரத்து நூறு ரூபாய் வித்தியாசம்.
அதுவும்
சித்திரையில் குழாயைத் திறந்தால் கை வெந்துபோகும் ஊரில்,
மார்கழிக்கும் தைக்குமாக.

நான் ஐ.சி.யூ.வில்
மூச்சு இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவன்.
"ஆக்சிஜன் எவ்ளோ போவுது தம்பி?" என்று
கண்ணாடிக்கு வெளியே நின்று கேட்பார்கள்.
வெளியே வருவதை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

போன தையில், விடிகிற நேரம்,
ஒரு லாட்ஜிலிருந்து இரண்டு பேரைக் கொண்டுவந்தார்கள்.
நோயாளிகள் அல்ல. நோயாளிக்குத் துணையாக
மூன்று நாள் ரயிலில் வந்தவர்கள்.
கன்னத்தில் நல்ல சிவப்பு.
விரலில் மாட்டிய கருவி தொண்ணூற்றெட்டு காட்டியது,
பதினோரு வருஷமாய் நான் நம்பிய எண்.
வாசனையே இல்லாத அந்தப் புகையையும்
நல்ல காற்றையும்
அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.
ஜன்னல் இல்லாத குளியலறை.
ஐயாயிரத்துக்கு நூறு குறைவான பெட்டி.

"இதுக்கு வாரண்டி ஜாஸ்தி" என்றேன் எமீமாளிடம்.

சத்துவாச்சாரிக்குப் பிச்சாண்டி வந்தது
ஞாயிறு மதியம், நாங்கள் சர்ச்சிலிருந்து திரும்பிய பிறகு.
முதல் ஓட்டை போட்டு முடித்ததும்
மதிலுக்கு மேலே கோமளவல்லி டீச்சரின் தலை.
"உங்க வீட்டுப் புகை போறதுக்கு
என் சமையக்கட்டு ஜன்னலா கெடச்சுது?"

மூச்சைப் பற்றி எல்லாம் தெரிந்தவன்
சுவரின் உள்பக்கத்தை மட்டும் அளந்திருக்கிறேன்.

சிமெண்ட் குழைத்து அடைத்தோம்.
இரண்டாவது ஓட்டை காலி மனைப் பக்கம்.
குழாய் வெளிப்புறமாக ஒரு விரல் சரிய வேண்டும்,
மழை உள்ளே இறங்காமலிருக்க.
ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்காததை
அன்றுதான் திருப்தியாகப் பார்த்தேன்.
"நம்மூரு தண்ணி சார்" என்றான் பிச்சாண்டி,
வாளியில் படிந்த வெள்ளைக் கோட்டை நகத்தால் சுரண்டி,
"ஃபில்டர் போடலன்னா ஆறே மாசம்,
உள்ள சுண்ணாம்பு அடிச்சி வச்சிடும்."
அதற்குத் தனியாக ஆயிரத்து இருநூறு.

திங்கள் காலை ஐந்தரைக்குக் கரண்ட் போனது.
சிலிண்டர் நிறைய கேஸ், தொட்டி நிறையத் தண்ணீர்,
பெட்டி மட்டும் பற்ற மாட்டேன் என்றது.
விசிறி சுற்றாமல் தீ கிடையாது.
உள்ளேயிருந்து பச்சைத் தண்ணீர் அலறல்,
ஒவ்வொரு செம்புக்கும் ஒரு "பதிமூணாயிரம்!"
அந்தப் பெட்டியின் பிடிவாதம்
எனக்குப் பிடித்திருந்தது, சொல்லவா முடியும்.

செவ்வாய்க்கிழமை கரண்ட் இருந்தது.
விசிறி ஒருமுறை முனகி, பிறகு சீரானது.
வெளியே போய்க் குழாயின் வாய்க்கு நேரே கை நீட்டினேன்.
வெதுவெதுப்பு.
கீழே, டீச்சரின் பூனை
அதற்குள் இடம் பிடித்திருந்தது.

திரும்பி வந்து கதவருகே நிற்கிறேன்.
செம்பு வாளியில் இடிக்கிறது.
இன்னொரு செம்பு.
இடைவெளி. சோப்பாக இருக்கும்.
சோப்புக்கு இவ்வளவு நேரமா.
செம்பு.

"யாரது, அங்க?"
"நான்தான். டவல் வேணுமான்னு பாத்தேன்."
"டவல் என்கிட்டதான இருக்கு."

மறுபடி செம்பு.